ரீடு சார் கிடாரும் என் பீரோவும்

தம்பி, அதை மேல வைக்காதீங்க. உள்ள கிடார்தானே? பையோட வடிவத்தைப் பார்த்தாலே தெரியுது. மேல வச்சீங்கன்னா விருத்தாசலம் ஸ்டேஷன்ல ஏறுறவன் எவனாவது பலாப்பழ மூட்டையைத் தூக்கி அது மேல போட்டுட்டுத் தூங்கிடுவான். இப்படி நம்ம ரெண்டு பேர் காலுக்கும் நடுவுல நிக்க வைங்க. நான் பார்த்துக்கறேன். ஒரு சாமானைப் பார்த்துக்கறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தற்பெருமை இல்ல, அது என் தொழில்.

என் பேரு வைத்தியலிங்கம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஸ்டோர்ஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன். ஸ்டோர்ஸ்னா சாமான் வரும், வாங்கி வைப்பாங்க, கேட்டா எடுத்துக் கொடுப்பாங்கன்னு நினைக்கிறீங்க இல்லையா? அது வெளியாளுங்க நினைப்பு. கேட்டவுடனே கொடுக்கிறவன் ஸ்டோர்ஸ்காரனே இல்ல. வந்த சாமான் வந்தபடியே, மேல சுத்தின எண்ணெய்க் காகிதம் கூடப் பிரியாம இருக்கணும். வெளிய போச்சுன்னா தேயும், தேஞ்சா யார் பதில் சொல்றது? நான் இருந்த வரைக்கும் என் ஷெட்டுல இருந்து ஒரு போல்ட் வெளிய போறதுன்னா அது பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி. எல்லாரும் திட்டுவாங்க. திட்டட்டும்.

உங்க கிடார் முன்பக்கம் தட்டையா இருக்குமா? நடுவுல வட்ட ஓட்டையா? அதான் நினைச்சேன். எங்க வீட்டுல இருக்கறது வேற ரகம். ஆர்ச்டாப்னு சொல்லுவாங்க. பிடில் மாதிரி நடுவுல மெதுவா எழும்பி ஓரத்துல இறங்கும். வட்ட ஓட்டை கிடையாது, ரெண்டு பக்கமும் கொக்கி மாதிரி நீள ஓட்டை. கலர் சொல்லணுமே. நடுவுல தேன். ஓரத்துக்குப் போகப் போக நாவப்பழம். எந்த இடத்துல தேன் முடிஞ்சு நாவப்பழம் ஆரம்பிக்குதுன்னு நானும் முப்பது வருஷத்துக்கு மேல பார்க்கிறேன், பிடிபட மாட்டேங்குது. யுத்த காலத்துல மெட்ராஸ்ல இருந்த ஒரு அமெரிக்கச் சிப்பாய் ஊருக்குப் போகும்போது, எங்க பக்கத்து வீட்டு ரீடு சாரோட அப்பா கையில கொடுத்துட்டுப் போனதாம். அன்னைக்கு எப்படி இருந்துச்சோ இன்னைக்கும் அப்படியே இருக்கு. ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்.

ரீடு சார்னா ஆஸ்வால்ட் ரீடு. ஆங்கிலோ இந்தியர், மெயில் டிரைவர். பொன்மலைப்பட்டியில எங்க வீட்டுக்கு அடுத்த வீடு. பகல்ல இன்ஜின் ஓட்டுவார், சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வேக்காரங்க கிளப்பு, இன்ஸ்டிட்யூட்னு சொல்லுவாங்க, அங்க டான்ஸ் பேண்டுல கிடார் வாசிப்பார். உள்ள போக நமக்கு உடுப்பும் இல்ல, ஆடவும் தெரியாது. வெளிய புளியமரத்தடியில சைக்கிளைச் சாய்ச்சுட்டு நின்னு கேட்பேன். மத்த கிடார் நான் கேட்டிருக்கேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க, அது சொட்டிக்கிட்டே இருக்கும். இது சொட்டாது. டக்குனு வரும், டக்குனு நிக்கும். தண்டவாள ஜாயிண்ட்ல சக்கரம் ஏறி இறங்குதே, இப்பக் கூடக் கேட்குதே, அந்தக் கணக்கு. ட்ரம்பெட் ஒரு பக்கம் கத்தும், டிரம் ஒரு பக்கம் இடிக்கும். கிடாருக்கு மைக் கிடையாது, ஒயர் கிடையாது. ஆனாலும் மரத்தடியில நிக்கிற எனக்கு அது தனியாக் கேட்கும். ஆடுறவங்க எல்லாரும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆடினாங்க. கடைசியில ஒரு பாட்டு ஒத்தைக் கம்பியில வாசிப்பார், அவரே கட்டினது, ஜோடி ஜோடியாச் சுத்துற பாட்டு. அப்ப அந்தச் சத்தம் கெட்டியா, வெண்கலப் பானையைத் தட்டின மாதிரி, ஆனா உள்ளுக்குள்ள ஒரு இளக்கமா வரும். எனக்கு ஏனோ வீட்டுக்குப் போகணும்னு தோணும். போய் என் வீட்டுக்காரியைப் பார்க்கணும்னு தோணும். அப்பதான் கல்யாணமான புதுசு.

ஒரு நாள் கேட்டேன், ஏன் சார் இது இவ்வளவு தூரம் வருதுன்னு. அவர் சொன்னார், இந்தக் கிடார் முன்னாடி பார்த்துப் பேசற கிடார், வாசிக்கிறவனுக்குக் கம்மியாத்தான் கேட்கும், எதிர்ல தூரத்துல நிக்கிறவனுக்குத்தான் முழுசாப் போய்ச் சேரும்னு. நல்ல மனசுக்காரன் செஞ்ச கிடார் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்ப என் வீட்டுக்காரியைப் பத்திச் சொல்லணும். பேரு கமலவேணி. நல்ல குணம், ஆனா கை வேலை எதுவும் சட்டுனு படியாது. ரீடு சார் சம்சாரம் டோரீனம்மா கேக் செய்யறதுல பெரிய ஆள். இவளுக்கும் கத்துக்க ஆசை. தினம் சாயங்காலம் நாலு மணிக்குப் போவா, ஆறு மணிக்கு வருவா. மூணு வருஷம் போனா தம்பி. மழைன்னும் பார்க்க மாட்டா. ரீடு சாரும் டூட்டி இல்லாத நாள்ல வீட்டுலதான் இருப்பார், மூணு பேரும் சிரிக்கிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். அவ்வளவு ஆர்வமாக் கத்துக்கிட்டா. ஆனா என்ன பிரயோஜனம், இன்னைக்கு வரைக்கும் அவ கேக் செஞ்சா செங்கல்தான். ஒரு கிறிஸ்துமஸுக்குச் செஞ்சதை நாய்க்குப் போட்டேன், அது முகர்ந்து பார்த்துட்டு என்னைப் பார்த்துச்சு.

அப்புறம் ரீடு குடும்பம் வீட்டை வித்துட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போச்சு. போறதுக்கு முந்தின நாள் ரீடு சார் பெட்டியோட கிடாரைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தார். கப்பல்ல போட்டா உப்புக்காத்துல மரம் பிளந்துடும்னு பயம். உங்க வீட்டுலயே இருக்கட்டும்னார். ஊர்ல எத்தனையோ பேர் இருக்க என்னைத் தேடி வந்தார் பாருங்க. ஸ்டோர்ஸ்காரன் அருமை டிரைவருக்குத் தெரியும். என் கையிலதான் கொடுத்தார். கொடுக்கும்போது கண்ணு மட்டும் கமலவேணி பக்கம் இருந்துச்சு. இவ முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு நின்னா. கேக் பாதியில நின்னு போச்சேங்கற வருத்தம் பாவம்.

அன்னைக்கு நான் போட்ட சட்டம், எவரும் தொடக்கூடாது. என் பீரோவுல தொங்கப்போடுற பக்கத்துல இருந்த என் சட்டை பேண்டெல்லாம் கொடிக்குப் போச்சு, கிடார் உள்ள போச்சு. இன்னைக்கும் என் சட்டையெல்லாம் கொடியிலதான் தொங்குது. ஈரம் இழுக்க உப்புப் பொட்டலம், பூச்சிக்கு அந்துருண்டை, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துவேன். சாவி என் அரைஞாண் கயித்துல. இன்னொரு சாவி கமலவேணிகிட்ட இருக்கு, அது சும்மா, மேல்தட்டுல அவ புடவை இருக்கே அதுக்காக. ஆயுத பூஜை அன்னைக்கு மட்டும் வெளிய எடுப்பேன். பெட்டி மேல சந்தனப் பொட்டு வச்சு, மூடியைத் திறந்து, வேட்டித் துணியால ஒரு துடைப்பு, ஒரு கும்பிடு, திரும்ப உள்ள. ஒவ்வொரு வருஷமும் எனக்கே ஆச்சரியமா இருக்கும். ஒரு பொட்டுத் தூசி இருக்காது. கம்பியெல்லாம் புதுசு மாதிரி மின்னும். விரலால லேசா ஒரு தட்டு தட்டினா சுருதி சுத்தமா நிக்கும். ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த சாமான் இப்படி இருக்குன்னா அது யார் கைராசி? நீங்களே சொல்லுங்க.

சிரிக்கிறீங்க. சரி, சிரிங்க.

கமலவேணிக்கு ஒரு பழக்கம் உண்டு. மத்தியானம் நான் சாப்பிட வரும்போது தெருமுனையிலயே சைக்கிள் மணி அடிச்சுட்டு வரணும்பா. அப்பதான் அப்பளம் பொரிக்க எண்ணெய் வைக்க முடியுமாம், ஆறின அப்பளம் எனக்குப் பிடிக்காதுன்னு. எந்தப் பெண்டாட்டி இவ்வளவு கவனிப்பா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்க வீட்டுல நான் ஆறின அப்பளம் சாப்பிட்டதே இல்ல. அந்தத் தெருமுனையில ஒரு மதகு இருக்கு. மணி அடிக்கறதுக்கு முன்னாடி அதுல கொஞ்ச நேரம் உட்காருவேன். கீழ சாக்கடை, மேல வெயில், ஆனா உட்கார்ந்தா எழுந்திருக்க மனசு வராது. ஒரு சுகம் தம்பி. காத்து அந்தப் பக்கமா வரும் போல. ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் சர்க்கரை வந்துச்சு. டாக்டர் அரை மணி நேரம் நடந்தாப் போதும்னார். கமலவேணி அதெல்லாம் பத்தாது, மூணு மணிக்குக் கிளம்பினா அஞ்சு மணி வரைக்கும் வெளிய இருங்கன்னுட்டா. என் உடம்பு மேல அவளுக்கு அவ்வளவு அக்கறை. எங்கயும் நடக்கறதில்ல, மதகுலதான் உட்கார்ந்திருப்பேன். சொல்லிடாதீங்க.

அவ உடம்பை மட்டும் கவனிக்க மாட்டா. இடது கை விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போய்க் கட்டை மாதிரி இருக்கும். சூடான தோசைக்கல்லை அந்தக் கையாலயே நகர்த்துவா. கேட்டா, காய் நறுக்கி நறுக்கி அப்படி ஆயிடுச்சும்பா. மெட்ராஸ்ல இருந்த என் மச்சான் வரும்போதெல்லாம் சின்னதாத் தட்டையா ஒரு பொட்டலம் அவளுக்குக் கொண்டு வந்து கொடுப்பான். என்னடான்னா தையல் மெஷின் நூலும்பான். எங்க வீட்டுல தையல் மெஷின் கிடையாது. பொம்பளைங்க சாமான், நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். இஸ்திரி போடுற மாரிமுத்து தினம் மூணு மணிக்குத் தள்ளுவண்டியை எங்க வீட்டுச் சுவரோரம் கொண்டு வந்து நிறுத்துவான். கேட்டா நிழலுக்காம். மேற்குச் சுவர் தம்பி, அந்நேரத்துக்கு அதுல தோசை சுடலாம். ஏழை, எதையோ சொல்லிட்டுப் போறான்.

இப்படி எல்லாம் ஒழுங்காப் போயிட்டிருக்கும்போதுதான், போன தை மாசம், ரீடு சார் பொண்ணு லொரெய்ன் ஆஸ்திரேலியாவுல இருந்து போன் பண்ணுச்சு. சின்ன வயசுல எங்க வீட்டு முருங்கைமரத்துல ஏறி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்ட பொண்ணு, இப்ப அதுக்கே பேரன் இருக்கானாம். ரீடு சார் போயிட்டார்னு சொல்லுச்சு. டோரீனம்மா முன்னாடியே போயாச்சு. கிடாரைப் பார்க்க வரேன் அங்கிள்னு சொல்லுச்சு. நான் போனை வச்சுட்டு ரீடு சாரை நினைச்சு அழுதேன். கமலவேணி அழவே இல்ல, நேரா சமையக்கட்டுக்குள்ள போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சா. தேய்ச்ச பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்ச்சா.

ஒரு நாள் காலையில லொரெய்ன் வந்துச்சு. கூட மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆளு, ஹரீந்திரன்னு பேரு, கிடார் வைத்தியராம். பின்னாடி குடுமி, காதுல வளையம். காபி குடிச்சுக்கிட்டே லொரெய்ன் விஷயத்தைச் சொல்லுச்சு. சாகறதுக்கு முன்னாடி அவங்கப்பா சொன்னாராம், பொன்மலைக்குப் போ, என் கிடாரை யாராவது வாசிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னா தொடாம விட்டுட்டு வா, சும்மா பூட்டி வச்சிருந்தா எடுத்துக்கிட்டு வந்து வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கையில கொடுன்னு.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுச் சொன்னேன். "அப்பா ஆத்மா சாந்தியாகட்டும்மா. பூட்டித்தான் வச்சிருக்கேன். இத்தனை வருஷமா ஒரு விரல் அதும்மேல பட்டதில்ல."

உள்ள சமையக்கட்டுல ஒரு டம்ளர் விழுந்துச்சு. லொரெய்ன் முகமும் விழுந்துச்சு. அது ஏன்னு எனக்கு அப்பப் புரியல. நல்ல செய்தி சொன்னா சில பேருக்குத் தாங்காது.

பீரோவைத் திறந்து வெளிய எடுத்து வச்சேன். ஹரீந்திரன் பெட்டியைத் திறந்தான். மெதுவாத் தூக்கினான். வெளிச்சத்துல திருப்பினான். அந்தத் தேனும் நாவப்பழமும் அப்படியே எழும்பி வந்துச்சு தம்பி, எனக்கே முதல் தடவை பார்க்கிற மாதிரி இருந்துச்சு. ஆறு கம்பியையும் ஒரு இழுப்பு இழுத்தான். வீடே நிமிர்ந்து உட்கார்ந்துச்சு. இது வரைக்கும் சரி. அதுக்கப்புறம்தான் அந்த ஆள் பேச ஆரம்பிச்சான். சுருதி சுத்தமா இருக்கே சார்ங்கறான். இருக்காதா பின்னன்னேன். கம்பி ஒரு மாசத்துக்கு முன்னாடி போட்டது மாதிரி இருக்கேங்கறான். ரீடு சார் போட்ட கம்பி, அந்தக் காலத்துச் சரக்குன்னேன். கழுத்துல குறுக்கே பதிச்ச பித்தளைக் கட்டையெல்லாம் விரல் பட்ட இடம் தேஞ்சிருக்கு, சமீபத்துத் தேய்மானம்ங்கறான். கடைசியாச் சொன்னான், வருஷக்கணக்கா வாசிக்காத கிடார் மரம் மரத்துப் போய் மந்தமாப் பேசும், இது விழிச்சுக்கிட்டு இருக்கு, இதை யாரோ தினமும் வாசிக்கிறாங்கன்னு.

எனக்கு வந்துச்சே கோபம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கக் கண்ணும் கருத்துமாப் பாதுகாத்திருக்கான், அவனைப் பார்த்து, உன் வீட்டுல சாமானை எவனோ எடுத்துப் புழங்கியிருக்கான்னு சொன்னா? சர்வீஸ்ல ஒரு ஆணி குறைஞ்சதுன்னு என்னை ஒருத்தன் சொன்னதில்ல. லொரெய்ன் வேற, அங்கிள், நிஜமாவே யாரும் வாசிக்கலையா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு கெஞ்சற மாதிரி கேட்குது. அது கண்ணுல தண்ணி. என்னை நம்பலையேன்னு எனக்கு இன்னும் ஆத்திரம். எழுந்து சாமி அலமாரிக்குப் போனேன். ஒரு கட்டிக் கற்பூரத்தை எடுத்துத் தாம்பாளத்துல வச்சேன். கற்பூரத்தை ஏத்திக் கையால அணைச்சுச் சத்தியம் பண்றேன், என் வீட்டுல இந்தக் கிடாரை எவரும் வாசிச்சதில்லன்னு சொன்னேன். அதுக்கு மேல அப்பீல் கிடையாது, உங்களுக்குத் தெரியும். பொய்ச் சத்தியம் பண்ணினா குடும்பத்துக்கே ஆகாது.

தீக்குச்சியைக் கிழிச்சுட்டேன். கமலவேணி சமையக்கட்டுல இருந்து வேகமா வந்து ஊதி அணைச்சுட்டா.

"சத்தியம் பண்ணாதீங்க. அது பொய்ச் சத்தியமாயிடும்," அப்படின்னா.

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம்தான் உறைச்சுது. ஆயுத பூஜைக்கு நான் துடைக்கிறேனே, கம்பியை ஒரு தட்டு தட்டறேனே, அதைச் சொல்றா. நியாயம்தானே? சட்டப்படி பார்த்தா அதுவும் வாசிப்புதான். என்ன நுணுக்கமா யோசிக்கிறான்னு நான் மெச்சிக்கிட்டு நிக்கும்போதே, அவ கையை முந்தானையில துடைச்சுக்கிட்டுச் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. ஹரீந்திரன்கிட்ட கையை நீட்டினா. அவனும் கொடுத்துட்டான். அரிசி புடைக்க முறத்தை வாங்கி மடியில வச்சுக்கற மாதிரி சாதாரணமா வாங்கி வச்சுக்கிட்டா. ஒரு திருகை மயிரிழை திருகினா. நான் வேண்டாம் வேண்டாம்னு கையை நீட்டினேன்.

வாசிச்சா தம்பி.

முதல்ல அந்த டடக் டடக். அப்புறம் மேல ஒத்தைக் கம்பியில பாட்டு. ரீடு சார் இன்ஸ்டிட்யூட்ல கடைசியா வாசிப்பார்னு சொன்னேனே, அதே பாட்டு. புளியமரத்தடியில இருபத்தஞ்சு வயசுல கேட்டது. இப்ப எனக்கு நேர் எதிர்ல. ரீடு சார் சொன்னது உண்மை, எதிர்ல நிக்கிறவனுக்குத்தான் அது முழுசா வருது. என் பனியனுக்குள்ள வந்து நெஞ்செலும்புல தட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்துருண்டை வாசனை கொஞ்சம் அதிகம்தான், ஆனா அது மட்டும் காரணம் இல்ல. சந்தோஷமா இருந்துச்சு தம்பி. வேற என்ன சொல்ல, அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

பாட்டுல ஒரு இடம் வந்துச்சு. அங்க ஒரு சுரம் சறுக்கும். லொரெய்ன் அந்த இடத்துல ஓன்னு அழுதுடுச்சு, அழுதுக்கிட்டே சிரிச்சுது. அது அவங்கப்பா எப்பவும் தப்பா வாசிக்கிற இடமாம். ஆயுசு பூரா அந்த ஒரு சுரத்தை அவர் திருத்திக்கவே இல்லையாம், டோரீனம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவாங்களாம். "ஆன்ட்டி, அப்பாவோட தப்பைக் கூட வச்சிருக்கீங்களே," அப்படின்னு கமலவேணி காலடியில உட்கார்ந்துக்கிச்சு.

பாட்டு முடிஞ்சதும், துணி வாங்கத் தெருவுல வந்த மாரிமுத்து சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து குரல் கொடுத்தான். "என்னம்மா, இன்னைக்குக் காலையிலயே ஆரம்பிச்சுட்டீங்க?"

அவனுக்கு வெயில்ல நின்னு நின்னு மூளை குழம்பிப் போச்சு. ஹரீந்திரன் மட்டும் ஏனோ தரையைப் பார்த்துக்கிட்டுத் தோள் குலுங்கச் சிரிச்சான்.

லொரெய்ன் கிடாரை எடுத்துக்கிட்டுப் போகல. பெட்டியை மூடி, தானே தூக்கி என் வீட்டுக்காரி மடியில வச்சு, இது இங்கதான் இருக்கணும்னு சொல்லிட்டுப் போச்சு. அப்படின்னா என்ன அர்த்தம்? என் பராமரிப்புக்கு அது கொடுத்த சர்டிபிகேட். அவங்க போனதும் நான் கமலவேணியைக் கேட்டேன், எப்படி, இதை நீ எப்பக் கத்துக்கிட்டன்னு. அவ மடியில இருந்த பெட்டியை நகர்த்தி வச்சா. கேக் கத்துக்கப் போனப்ப ரீடு சார் வாசிக்கிறதைக் கொஞ்சம் பார்த்து வச்சிருந்தேன்னா. பாருங்க! சும்மா பார்த்ததை முப்பது வருஷம் கழிச்சு அப்படியே வாசிக்கிறா. அவளுக்கு அப்படி ஒரு ஞாபகசக்தி. கிடாருக்கும் அப்படி ஒரு ஞாபகம், ஏன்னா நான் அப்படி வச்சிருந்தேன். ரெண்டும் சேர்ந்துடுச்சு. அவ்வளவுதான் விஷயம்.

அந்த வாரமே பீரோச் சாவியை அரைஞாண்ல இருந்து கழட்டிட்டேன். வாசிக்கத் தெரிஞ்சவ வீட்டுலயே இருக்கும்போது பூட்டு எதுக்கு? கிடார் இப்ப கூடத்துல ஸ்டாண்டுல நிக்குது. நல்லா வாசிக்கிறா, ஆனா ரெண்டே மாசத்துல ஒரு கம்பி அறுந்து போச்சு. இத்தனை வருஷமா அறுந்ததே இல்ல, எடுத்துப் புழங்கினா இதான். அதுக்குத்தான் இப்ப மெட்ராஸ் போறேன். அந்தத் தையல் நூல் மச்சான் இருந்தா அவன்கிட்டயே சொல்லியிருப்பேன், அவன் சேலத்துக்கு மகன் வீட்டோட போயிட்டான். தடிச்ச கம்பியா, மேல சுத்து வழவழன்னு இருக்கறதா, விரலை ஓட்டினா கரகரன்னா வாங்காதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கா. எந்தக் கடையில கிடைக்கும்னு நீங்க சொல்லணும் தம்பி, அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஆமா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ரீடு சார் இருந்த வீட்டுல இப்ப ஒரு வாத்தியார் குடும்பம் இருக்கு. அந்த வீட்டுக்குப் புதுசா ஒரு மருமகள் வந்திருக்கு. மாமியார் கொஞ்சம் கறார், பாட்டுக் கீட்டு எல்லாம் ஆகாது. அந்தப் பொண்ணு தினம் நாலு மணிக்கு எங்க வீட்டுக்கு வருது. கமலவேணிகிட்ட கேக் கத்துக்குதாம். இவகிட்ட போய்! எங்க வீட்டு கேக் அடுப்பு ரிப்பேராகி நாலு வருஷம் ஆச்சு. ஆனா ரெண்டு பேரும் சிரிக்கிறது தெருமுனை வரைக்கும் கேட்கும். கமலவேணி இப்ப மணி அடிக்க வேண்டாம், சும்மாவே வாங்கன்னுட்டா. நான் அடிக்காம வர்றதில்ல. மதகுல உட்கார்ந்திருந்துட்டு, ஆறு மணிக்கு நல்லா ரெண்டு தடவை அடிச்சுட்டுத்தான் வருவேன். அந்தப் பொண்ணும் முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு வீட்டுக்குப் போகணும் இல்லையா?

முந்தாநாள் அந்த மாமியார் என்னை வழிமறிச்சாங்க. என்ன சார், என் மருமகள் உங்க வீட்டுக்கு இத்தனை நாளா கேக் கத்துக்க வர்றா, ஒரு நாள் கூட வீட்டுல செஞ்சு காட்டலையே, விரல் நுனியெல்லாம் வேற கொப்புளமா இருக்கேன்னு கேட்டாங்க.

நான் சைக்கிளை விட்டு இறங்கி நிதானமாச் சொன்னேன். "அவசரப்படாதீங்கம்மா. கேக்ங்கறது சட்டுனு வந்துடாது. என் வீட்டுக்காரி முப்பது வருஷத்துக்கு மேல கத்துக்கிட்டிருக்கா."